கூரையில் குதித்த குரங்கும் ராமையாவின் தூக்கமும்

நான் ஓய்வு பெற்றபின் என் இடத்துக்கு வந்திருக்கும் பெண் போன மாதம் கைபேசியில் ஒரு படம் அனுப்பினாள். குன்னூரில் நான் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்த அதே அறை. கட்டில் மாறியிருக்கிறது, தரைக்குப் புதிதாக ஓடு பதித்திருக்கிறார்கள், என் பழைய இயந்திரம் நின்ற இடத்தில் ஒரு திரை. திரையில் யாரோ ஒருவருடைய மூளை தூங்கிக்கொண்டிருந்தது. தூக்கத்தில் வரும் சின்னச் சின்ன அலைக்கட்டுகளைக் கம்ப்யூட்டரே தேடிப் பிடித்துப் பச்சை வண்ணம் பூசி, எத்தனை என்று எண்ணியும் சொல்லிவிடுகிறது. படத்துக்குக் கீழே அவள் கேட்டிருந்தாள்: "அக்கா, இதையெல்லாம் நீங்க கையாலயா எண்ணுனீங்க?"

பதிலைக் கைபேசியில் தட்டத் தொடங்கினேன். நாலு வரிக்குள் கட்டைவிரல் வலித்துவிட்டது. அதனால் நோட்டில் எழுதுகிறேன். கையால்தான் எண்ணினோம் என்று மட்டும் எழுதினால் பெருமையடிப்பதாக இருக்கும். ஒருமுறை நான் கோட்டை விட்டதையும், அதிலிருந்து ஒரு நல்ல மனிதர் என்னைக் கரை சேர்த்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அப்பா பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்து குன்னூரில் தேயிலை ஏல அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தார். பட்டம் வாங்கிவிட்டுச் சும்மா இருந்த என்னைக் கோயமுத்தூருக்கு அனுப்பி ஒன்றரை வருடம் இ.இ.ஜி. படிக்க வைத்தார். தலையில் கம்பிகளை ஒட்டி, மூளையில் ஓடும் நுண்ணிய மின்சாரத்தைப் பேனாக்களால் காகிதத்தில் வரைய வைக்கும் வேலை அது. "ஏங்கண்ணு, ஷாக் கீக் அடிக்காதில்ல?" என்று அம்மா கேட்டாள். எனக்கா நோயாளிக்கா என்று அவள் சொல்லவில்லை. திரும்பி வந்து குன்னூர் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்ந்தேன். அவ்வளவுதான்.

வேலையின் பாதி, மின்சாரம் தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடும். மலையில் குளிருக்குப் பயந்து வாரக்கணக்கில் தலைக்குக் குளிக்காதவர்கள் உண்டு. தேங்காய் எண்ணெய் மயிருக்கடியில் வெள்ளையாக உறைந்து கிடக்கும். முதலில் அதைத் துடைத்தெடுக்க வேண்டும். பிறகு அளவு நாடாவை மூக்கும் நெற்றியும் சேரும் பள்ளத்தில் வைத்து, உச்சி வழியாகப் பிடரி மேடு வரை இழுத்து அளந்து, பத்தில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு என்று சிவப்புப் பென்சிலால் புள்ளி வைக்க வேண்டும். காதிலிருந்து காதுக்கும் அப்படியே. ஒவ்வொரு புள்ளியிலும் மயிரைப் பிரித்து, தோலை லேசாகத் தேய்த்து, பசை வைத்து, வெள்ளிக் கிண்ணம் போன்ற சின்னக் குமிழை ஒட்ட வேண்டும். நடுங்கும் ஆளுக்குத் தசையும் நடுங்கும், அந்த நடுக்கம் மூளை அலையை மூடிவிடும். அறைக்கு ஹீட்டர் வைக்கலாம் என்றால் ஹீட்டரின் மின்சாரமும் காகிதத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே வெந்நீர்ப் பையும் இரண்டு கம்பளியும் எங்கள் துறையின் முக்கியமான கருவிகள்.

வலிப்பு என்ற சந்தேகத்தோடு வருபவர்களுக்குத் தூக்கத்திலும் பதிவு எடுப்போம். முந்தின இரவு கண் மூடாமல் இருந்துவிட்டுக் காலையில் வரச் சொல்வோம். கம்பளியைப் போர்த்தியதும் தூங்கிவிடுவார்கள். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவதுபோல் பாசாங்கு செய்கிறவனை எழுப்ப முடியாது என்பார்கள். எங்களிடம் அந்தப் பாசாங்கு செல்லாது, பேனா காட்டிக் கொடுத்துவிடும்.

துறைக்குத் தலைவர் டாக்டர் விசுவநாதன். கோயமுத்தூர்க்காரர். வாரத்தில் இரண்டு நாள் மலையேறி வருவார். உயரமான ஒரு சாய்வு மேசைமேல் காகிதக் கட்டை வைத்து, நின்றபடியே படிப்பார். நோயாளியின் பெயரையோ, அனுப்பிய டாக்டரின் சீட்டையோ முதலில் பார்க்க மாட்டார். அந்தச் சீட்டைக் கவிழ்த்து வைக்கச் சொல்லியிருந்தார். வலது கை ஆட்காட்டி விரலில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகத் தள்ளுவார். அரை மணி நேரக் கட்டு என்றால் நூற்றெண்பது பக்கம், ஒரு பக்கம் பத்து வினாடி. எங்காவது விரல் நின்றால் என் நெஞ்சும் நிற்கும். அப்போது அவர் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: "இந்த நேரத்துல ரூம்ல என்ன நடந்துச்சுங்க?"

அதற்குப் பதில் காகித ஓரத்தில் இருக்க வேண்டும். கதவு சாத்தியது, வார்டில் தட்டு விழுந்தது, ரயில் கூவியது, நோயாளி இருமினார் என்று நடந்த நொடியிலேயே பென்சிலால் எழுதிவிட வேண்டும். அது அவருடைய சட்டம். நான் கொஞ்சம் சுத்தக்காரி. வீட்டில் டப்பாக்களைக்கூட உயர வரிசையில் அடுக்குகிறவள். அலைகளுக்குப் பக்கத்தில் கோழி கிளறியதுபோல் கிறுக்குவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதினேன். வருடம் ஏற ஏறக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தூங்கும் மூளையைப் பற்றி அவர் சொல்லித் தந்தது என்னை வேலையோடு கட்டிப்போட்டது. தூக்கம் பிடித்த சற்று நேரத்தில், இரு முனையும் ஒடுங்கி நடுவில் பருத்த சின்ன அலைக்கட்டுகள் வரத் தொடங்கும். ஒவ்வொன்றும் ஒரு வினாடிகூட இருக்காது. அதற்கு ஸ்பிண்டில் என்று பெயர். "கோயமுத்தூர்ப் பக்கத்து ஆளுகளுக்கு ஸ்பிண்டில்னா வெளக்கம் வேணுமுங்களா? மில்லுல நூல் சுத்துன கதிர் எப்படி இருக்குமோ அப்படித்தானுங்க" என்றார். அது வரும்போது வெளிச்சத்தம் மூளைக்குள் போகும் வழி அடைபடுகிறது, தூக்கம் கலையாமல் நிற்கிறது. சத்தம் கொஞ்சம் உள்ளே நுழைந்துவிட்டால் உச்சந்தலையில் ஒரு பெரிய அலை எழுந்து விழும். யார் தட்டியது என்று தூங்கும் மூளை கேட்பதுபோல அது. கேட்டுவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றால், பின்னாலேயே ஒரு ஸ்பிண்டிலைச் சுற்றிவிட்டு மறுபடி தூங்கிவிடும்.

எனக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டாயிற்று. பேனாக்கள் ஓடும்போது பக்கத்துக்கு எத்தனை ஸ்பிண்டில் என்று எண்ணுவேன். அவை சீராக வருவதில்லை. இரண்டு மூன்று பக்கம் நெருக்கமாக வரும், அடுத்த இரண்டு மூன்று பக்கம் வறண்டு கிடக்கும், மறுபடி வரும். பெரும்பாலானவர்களுக்கு ஐந்து பக்கத்துக்கு ஒரு சுற்று, அதாவது ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. டாக்டரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். சிரித்து ஒதுக்காமல் பத்துப் பதினைந்து கட்டுகளைப் பிரித்துத் தானும் எண்ணிப் பார்த்தார். "நல்லாத் தூங்கறவனும் நிமிசத்துக்கு ஒருக்கா கதவத் தொறந்து வெளிய பாக்கறான் போலிருக்குதுங்க. குறிச்சு வைங்க" என்றார். இப்போது இதையெல்லாம் பெரிதாக ஆராய்கிறார்கள் என்று அந்தப் பெண் சொல்கிறாள். பழைய பென்சில் குறிப்புகளுக்காக நான் உரிமை கொண்டாடப் போவதில்லை. ஆனால் அன்று ஒரு பெரிய டாக்டர் என் பொழுதுபோக்கை மதித்ததற்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

தேயிலை விலை விழுந்த வருடங்கள் வந்தன. ஏலத்துக்குப் போன தேயிலை விற்காமல் திரும்புகிறது என்று அப்பா சாப்பாட்டு நேரத்தில் சொல்வார். பிறகு அதைச் சொல்வதையும் நிறுத்திவிட்டார். சின்னத் தோட்டக்காரர்கள் இலை பறிக்காமல் விட்டார்கள். ஃபேக்டரிகள் ஒருநாள் ஓடின, இரண்டு நாள் மூடிக் கிடந்தன. ஆட்களைக் குறைக்க ஏதாவது காரணம் கிடைக்குமா என்று எல்லா நிர்வாகமும் பார்த்துக்கொண்டிருந்த காலம்.

அப்போதுதான் கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து ராமையா வந்தார். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, சிறு வயதில் தாய் தகப்பனோடு இங்கே வந்தவர். ஃபேக்டரியில் இலையை நசுக்கி நறுக்கும் உருளை இயந்திரத்தில் இருபது வருடமாக வேலை. ஒருநாள் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவர் திடீரென்று கை உதறி இழுக்கக் கீழே விழுந்தாராம். பக்கத்தில் நின்றவர் சொன்னதை வைத்து ஆபீசில் வலிப்பு என்று எழுதிவிட்டார்கள். மேனேஜரின் கடிதத்தோடு வந்திருந்தார். வலிப்பு இருந்தால் இயந்திரத்தின் பக்கம் விட முடியாது, மாற்று வேலை தர இப்போது வழியில்லை, வேலை இல்லாதவருக்கு லயத்தில் வீடும் கிடையாது என்று அதில் இருந்தது. லயம் என்பது எஸ்டேட் ஆட்களின் வரிசை வீடுகள். ஆக, என் பேனா வரையப் போவது அந்த மனிதருடைய வேலையையும் வீட்டையும் தீர்மானிக்கும். அது எனக்குத் தெரிந்தே இருந்தது.

பதிவு நன்றாகத்தான் போனது. படுத்ததும் தூங்கினார். தூங்கிய சற்று நேரத்தில் உச்சந்தலையில் கூர் கூரான பெரிய அலைகள் எழுந்தன. ஒன்று, சற்றுப் பொறுத்து இன்னொன்று, பிறகு அடுக்கடுக்காக மூன்று. மூன்றாவதில் உடம்பு ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. விழித்துவிட்டார். அறையில் ஒரு சத்தமும் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் என் அழகான கையெழுத்தில் 'அறை அமைதி' என்று எழுதினேன். கட்டின் மேலட்டையில், 'உச்சியில் கூரலைகள், காரணமின்றி; கூடவே உடல் உதறல்; வலிப்பு அலையா?' என்று குறிப்பும் வைத்தேன்.

அந்த வாரம் டாக்டர் விசுவநாதன் ஊரில் இல்லை. அவருக்குப் பதிலாக வந்தவர் இளைஞர், வேறு ஊர்க்காரர். ஒன்பது வருட அனுபவமுள்ள அம்மா அமைதி என்று எழுதியிருக்கிறார், அமைதியான அறையில் கூரலை வந்தால் வலிப்பாகத்தானே இருக்க வேண்டும் என்று என் குறிப்பை நம்பிக் கையெழுத்துப் போட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அறிக்கை எஸ்டேட்டுக்குப் போயிற்று. ராமையாவுக்கு மாத்திரையும் போயிற்று.

அடுத்த வாரம் டாக்டர் திரும்பி வந்து, தான் இல்லாதபோது எடுத்த கட்டுகளை எல்லாம் வழக்கம்போல் பெயர் பார்க்காமல் புரட்டினார். ராமையாவின் காகிதக் கட்டுக்கு வந்தபோது விரல் நின்றது. எப்போதும் கேட்கும் கேள்வியைக் கேட்டார். அமைதி என்று எழுதியிருக்கிறேனே டாக்டர் என்றேன். ஒவ்வொரு கூரலைக்கும் பின்னால் அவர் பென்சிலால் வட்டம் போட்டார். ராமையாவை விழிக்கவைத்த கடைசி ஒன்றைத் தவிர, எல்லா வட்டத்துக்குள்ளும் ஒரு ஸ்பிண்டில் இருந்தது. பிறகு பக்கங்களை எண்ணினார். அந்த வட்டங்களை விட்டால் வேறு ஸ்பிண்டில் இல்லாத வறண்ட பக்கங்களில்தான், அதாவது மூளை கதவைத் திறந்து வைத்திருக்கும் நேரத்தில்தான், கூரலைகள் எல்லாம் இருந்தன. நான் கண்டுபிடித்த அதே சுற்று. பொழுதுபோக்குக்கு எண்ணத் தெரிந்த எனக்கு, எண்ண வேண்டிய நாளில் எண்ணத் தோன்றவில்லை.

"இது வலிப்பு இல்லீங்க. யாரோ கதவத் தட்டியிருக்காங்க" என்றார். யாரும் தட்டவில்லை என்று நான் சாதித்தேன். அவர் வாதாடவில்லை. இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு, பத்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் உட்காரலாம் என்றார். உட்கார்ந்தோம். வெளியே கற்பூர மரங்கள் காற்றில் ஆடின. கொஞ்ச நேரத்தில் அவர் மேலே பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் ஏதோ சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"இப்ப என்ன கேட்டுச்சுங்க?"

"ஒண்ணுமில்லீங்க டாக்டர்."

அவர் மறுபடி மேலே பார்த்தார். அப்போது இன்னொன்று விழுந்தது. தகரம் தடதடவென்று அதிர்ந்தது. எங்கள் அறைக்குத் தகரக் கூரை. பின்பக்கத்து மரத்திலிருந்து குரங்குகள் கூரையில் குதித்து, சமையலறைப் பக்கம் ஓடும். நாள் முழுக்கக் குதிக்கும். ஒன்பது வருடமாகக் குதித்துக்கொண்டிருந்தது எனக்கு அன்று அந்த நிமிடம்தான் மறுபடி கேட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒவ்வொரு குதிப்புக்கும் நான் திடுக்கிட்டுப் பென்சிலைக் கீழே போட்டதுகூட ஞாபகம் வந்தது. விழித்துக்கொண்டிருக்கும்போதே என் மூளை கதவைச் சாத்திக்கொண்டிருந்திருக்கிறது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அழுதுவிட்டேன்.

அவர் திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். ரப்பர் உறையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, கட்டோடு இருந்த மேனேஜரின் கடிதத்தை எடுத்துப் படித்தார். "காதுல கோளாறு இல்லீங்க, பழகிப்போச்சு. எனக்கு வாரத்துல ரெண்டு நாளுதான், அதனால கேக்குது. கண்ணத் தொடைங்க. அந்த ஆளு ஊட்டக் காலி பண்றதுக்குள்ள நாம போகோணும்" என்றார்.

அன்று மத்தியானமே பஸ் ஏறினோம். அறிக்கையைத் திருத்தித் தபாலில் அனுப்பலாமே என்று நான் கேட்டதற்கு, தப்பான தாள் தபாலில் போகலாம், அதைத் திரும்ப வாங்க ஆள் போக வேண்டும் என்றார். எஸ்டேட் ஆபீசில் மேனேஜர் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, நேரமில்லாதவர்போல் ஃபைலைப் புரட்டினார். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "எங்க டிபார்ட்மெண்ட்ல நடந்த தப்புங்க. நாந்தான் பொறுப்பு. மறுபடி டெஸ்ட் எடுக்கோணும். அதுவரைக்கும் ராமையா வீட்டுல கை வெக்காதீங்க" என்றார். என் பெயர் அவர் வாயில் வரவில்லை. மேனேஜர் ஒரு வாரம் தருவதாகச் சொன்னார். ஒரு வாரம்தான் என்று இரண்டு தடவை சொன்னார்.

லயத்துக்கு நடந்தோம். ராமையாவின் மனைவி கன்னியம்மா பாத்திரங்களைப் பழைய சேலையில் மூட்டை கட்டி வாசலோரம் வைத்திருந்தாள். மறுபடி ஆஸ்பத்திரிக்கு வர முடியாது என்று ராமையா மறுத்துவிட்டார். ஒரு தடவை வந்ததில் வேலை போனது, இன்னொரு தடவை வந்தால் என்ன போகுமோ என்றார். அதில் நியாயம் இருந்தது. டாக்டர் வற்புறுத்தாமல் மூட்டைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். சோதனையைப் பற்றிப் பேச்சே எடுக்காமல், ராத்திரி எப்படித் தூங்குகிறீர்கள் என்று மட்டும் கேட்டார். இவ்வளவு நாளில் அந்தக் கேள்வியை ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை, நான் உட்பட.

ராமையாவும் எதிரில் குந்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "முந்தியெல்லாம் ஸ்டோரு ராவு பூரா ஓடும் டாக்டரய்யா. மிசின் சத்தத்துலதான் எங்க லயமே தூங்கும். வெள்ளன அஞ்சுக்குச் சங்கு, வேலைக்குப் போவோம். இப்ப அப்புடி இல்ல. கொழுந்து எப்ப சேருதோ அப்பத்தான் சங்கு. ராத்திரி ஒரு மணிக்கும் ஊதுவாங்க, மூணு மணிக்கும் ஊதுவாங்க. மொத வர்ற ஆறு பேருக்குத்தான் அன்னிக்கு வேல. சுணங்கி வந்தா திரும்பிப் போக வேண்டியதுதான். படுத்தாலும் காது படுக்க மாட்டேங்குது." ஸ்டோர் என்று அவர் சொன்னது ஃபேக்டரியை. பல மாதமாக அவர் சங்குக்குக் காது கொடுத்தே படுத்திருக்கிறார். அதன் விளைவாகத்தான் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றபடியே கண் சொருகி, தூக்கம் பிடிக்கும்போது எவருக்கும் வரும் உதறல் வந்து விழுந்திருக்கிறார். இலையும் குறைந்து, வேலையும் குறைந்து, கடைசியில் தூக்கமும் அந்தப் பஞ்சத்தில் அகப்பட்டுக்கொண்டது.

மாத்திரையை எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று டாக்டர் கன்னியம்மாவுக்கு விளக்கிச் சொன்னார். பிறகு, சோதனைக்கு வருகிறீர்களா என்று மறுபடி கேட்டார். ராமையா மனைவியைப் பார்த்தார். அவள்தான், போய்ட்டு வாங்க என்றாள். தப்பு என்னுடையது என்று அந்த இடத்தில் சொல்ல வேண்டும் என்று எனக்கு வாய் வரை வந்தது. மூட்டையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சொல்லாமலே பஸ் ஏறினேன். யானைக்கும் அடி சறுக்கும் என்று டாக்டர் வழியில் சமாதானம் சொன்னார். யானை சறுக்கினால் யார்மேல் விழுகிறது என்பதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

வாரக் கடைசியில் ராமையா வந்தார். முந்தின இரவு முழுக்கத் தூங்கவில்லை என்றார், அது அவருக்குப் புதிதும் இல்லை. அளவு நாடாவை மூக்குப் பள்ளத்தில் வைத்தேன். தலைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்ததால் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. அந்தத் தைரியத்தில் சொன்னேன். "ஏனுங்க, டாக்டர் தன் தப்புன்னு சொன்னாரு. அது அவர் தப்பு இல்லீங்க. கூரையில குரங்கு குதிச்சத நான் எழுதாம விட்டுட்டேன். அமைதின்னு எழுதுனது நாந்தான். உங்க வேலை போனது என்னாலதானுங்க."

அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். தலையை அசைக்கவும் இல்லை. நான் மீதிப் புள்ளிகளை வைத்து, கம்பிகளை ஒட்டி, வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்து, கம்பளியை இழுத்துவிட்டேன். எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போனால் தடுக்க எனக்கு வாயும் இல்லை.

பேனாக்களை ஓடவிட்டு மூன்று நிமிடம் ஆகவில்லை. முதல் ஸ்பிண்டில் விழுந்தது. பிறகு அடுத்தது. வரிசையாக வந்தன.

இந்தத் தடவை நானே கதவைத் தட்டினேன். டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி, ஸ்பிண்டில் நெருக்கமாக வரும் பக்கத்தில் ஸ்பூனால் எஃகுத் தட்டில் ஒரு தட்டு. அலையில் சலனமே இல்லை. வறண்ட பக்கத்தில் அதே தட்டு. உச்சியில் பெரிய அலை எழுந்தது, பின்னால் ஸ்பிண்டில் வந்தது, தூக்கம் தொடர்ந்தது. மறுபடி, மறுபடி. ஒவ்வொன்றையும் ஓரத்தில் எழுதினேன். குரங்குகளையும் விடவில்லை. அந்த ஒரு கட்டுக்குள் மட்டும் 'குரங்கு' என்ற சொல் பதினேழு இடத்தில் இருக்கிறது. கோழி கிளறியதுபோல்தான் இருந்தது. அதைவிட அழகான கட்டு நான் எடுத்ததில்லை. நாற்பது நிமிடத்தில் தட்டும் குரங்குமாகச் சேர்ந்து அவரை இரண்டு தடவைதான் எழுப்ப முடிந்தது. இரண்டு தடவையும் புரண்டு படுத்துத் தூங்கிவிட்டார்.

டாக்டர் நின்றபடியே முழுக் கட்டையும் படித்தார். பதினேழு குரங்கையும் முகம் மாறாமல் வாசித்தார். வலிப்பு அலை ஒன்றுகூட இல்லை என்று எழுதினார். முந்தின அறிக்கை தவறு என்றும், என்ன தவறு என்றும் எழுதினார். கீழே மேனேஜருக்கு ஒரு யோசனை. ராத்திரி ஆளைச் சங்கால் கூப்பிடுவதற்குப் பதில், மறுநாள் யார் யாருக்கு வேலை என்று முந்தின மாலையே பலகையில் எழுதிப் போட்டால், இயந்திரத்தின் பக்கத்தில் யாரும் தூங்கி விழ மாட்டார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை என்னிடம் நீட்டினார். தன் பெயருக்குக் கீழே பதிவு எடுத்தவர் என்று என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார். தப்பு செய்தபோது என் பெயரை மறைத்தவர், திருத்தியபோது அதை வெளியே வைத்தார். முப்பத்தோரு வருடத்தில் எனக்குக் கிடைத்த மரியாதைகளில் அதற்கு மேல் ஒன்றில்லை.

ராமையாவுக்கு இயந்திரம் திரும்பக் கிடைத்தது. பலகையும் வந்தது. மேனேஜர் நல்ல மனதோடு செய்தாரா, டாக்டரின் கடிதத்துக்குப் பயந்து செய்தாரா என்று நான் விசாரிக்கவில்லை. கன்னியம்மா மூட்டையை அவிழ்த்துப் பாத்திரங்களை அடுக்கிவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து டாக்டரைப் பார்க்க ராமையா ஒரு தடவை வந்தார். முகம் தெளிந்திருந்தது. டாக்டர் வர நேரமிருந்ததால் என் அறையில் உட்கார்ந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். நெடுநாளாக மனதில் கிடந்ததைக் கேட்டேன். வேலை போனதே என்னால்தான் என்று அன்று சொன்னேன், என்மேல் கோபமே வரவில்லையா, எப்படி என் கையில் தலையைக் கொடுத்துவிட்டு அப்படித் தூங்கினீர்கள் என்று.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "கோவம் வந்திச்சுதான். ஆனா என்னா நடந்திச்சுன்னு நீங்களே வாய் தொறந்து சொல்லிட்டீங்க. அதுக்கப்புறம் நான் முழிச்சிருந்து என்னாத்தப் பாக்கறது, அம்மா?"

நான் டம்ளரை எடுத்துக் கழுவி வைத்தேன். டாக்டர் வந்து அவரைப் பார்த்து முடித்ததும், கோத்தகிரி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ராமையா எழுந்தார். கேட் வரை கூடவே போய் ஏற்றிவிட்டு வந்தேன்.